ஐந்து ரூபாய்க்கு இரும்பு

எனக்கு ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்த மார்கழியில், கடலூர் முதுநகர் சுகாதார நிலையத்தின் செவிலியர் என் விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, “எட்டு” என்றார். பள்ளிக்கூடத்தில் பத்துக்கு எட்டு வாங்கினால் கைதட்டுவார்கள். நானும் கொஞ்சம் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

“பதினொண்ணு இருக்கணும்மா. கொறஞ்சது பத்தாவது இருந்தாத்தான் இங்க பிரசவம் பாப்போம். இல்லன்னா பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரிக்குத்தான் எழுதி அனுப்பணும். ரத்தமில்லாம இருந்தா உனக்கும் நல்லதில்ல, புள்ளைக்கும் நல்லதில்ல.”

கடைசிச் சொல் என்னைக் கவ்விக்கொண்டது. அதற்கு முந்தைய வருஷம் மூன்றாம் மாதத்திலேயே ஒன்று தங்காமல் போயிருந்தது. இதுவும் போய்விடும் என்று மனசுக்குள் ஒரு மூலையில் நான் தயாராகவே இருந்தேன். அப்படித் தயாராக இருந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது.

சுகாதார நிலையத்துச் சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தது. மாதுளை, ஆப்பிள், பேரீச்சம்பழம், பாதாம், ஒரு டம்ளர் பால். நடுவில் நல்ல கன்னத்தோடு ஒரு கர்ப்பிணி சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் மினி லாரியில் மீன் பெட்டி ஏற்றுகிறவன் இல்லை என்பது பார்த்தவுடனே தெரிந்தது. என் புருஷன் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். சாயங்காலம் அவரிடம் சொன்னேன்.

“டெய்லி அஞ்சு ரூபா உனக்குன்னு தனியா வச்சுக்க புள்ள. அதுல வீட்டுக்கு எதுவும் வாங்கிட்டு வரக் கூடாது. வாங்கித் திங்கணும்” என்றார்.

எங்களால் முடிந்தது அதுதான். ஐந்து ரூபாய்க்கு இரும்பு தேடுகிற வேலை எனக்கு அப்படித்தான் வந்தது.

ரயில் பாதையை அகலப்படுத்துகிறோம் என்று ரயிலை நிறுத்திவைத்திருந்த காலம் அது. தினமும் பஸ்ஸில்தான் சிதம்பரம் போய் வந்தேன். மேல வீதியில் ஒரு ஜெராக்ஸ் கடை. காலேஜ் பிள்ளைகளின் ப்ராஜெக்டுகளை டைப் அடிப்பது என் வேலை. மிஷினைப் பார்த்துக்கொண்டவர் பரங்கிப்பேட்டையிலிருந்து வரும் ஓர் அக்கா. கணவர் வெளிநாட்டில் இருந்தார். மூன்று பிள்ளை பெற்றவர். வாய் கொஞ்சம் ஜாஸ்தி.

ரத்தம் குறைந்தவர்களுக்கு உலகம் மெதுவாகத்தான் நடக்கும். புதுச்சத்திரம் தாண்டியதும் சவுக்குத் தோப்புகள் ஜன்னலில் மிதந்து வரும். கண் மூடினால் சவுக்கு, திறந்தால் உப்பங்கழி, மறுபடி மூடித் திறந்தால் வெள்ளாற்றுப் பாலம். எந்த இடத்தில் தூங்கினேன், எந்த இடத்தில் விழித்திருந்தேன் என்று எனக்கே தெரியாது. கண்டக்டர் குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பது போல இருக்கும். அந்த மயக்கம் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உடம்புக்கு ஆகாது என்று தெரிந்தும் பிடித்திருந்தது.

சாயங்காலம் ஐந்தரைக்குப் பசி வரும். வீதி முழுக்க பஜ்ஜி வாசனைதான். முதல் வாரம் வேர்க்கடலை வாங்கினேன். அடுத்த வாரம் கடலை உருண்டை. வெல்லத்தில் இரும்பு இருக்கிறது என்று யாரோ சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டேன். பொங்கல் முடிந்ததும் பனங்கிழங்கு வந்தது. பேருந்து நிலையத்து வாசலில் ஓர் அம்மா வேகவைத்துக் கட்டுக் கட்டாக அடுக்கியிருப்பார். என்னைப் பார்த்ததும் பருமனானதாகத் தேடி எடுத்துக் கொடுப்பார். அதை நாராய் உரித்து உரித்துத் தின்றால் பாலம் வரைக்கும் வரும். கீழ வீதி வண்டியில் கொண்டைக்கடலைச் சுண்டல் கிடைத்தது. கேழ்வரகுப் புட்டு எல்லா நாளும் இருக்காது, இருந்தால் அன்று எனக்குத் திருவிழா. பண்ருட்டிப் பக்கம் லோடு கிடைத்தால் என் புருஷன் முந்திரிக் குருணை வாங்கி வருவார். உடைந்த தூள்தான், ஆனால் முந்திரி முந்திரிதானே.

அக்கா தன் பங்குக்கு வீணாய்ப்போன ஜெராக்ஸ் தாளில் நாலு பேரீச்சம்பழம் மடித்து என் மேசையில் வைப்பார்.

“எம்முன்னாடியே தின்னு. ஊட்டுக்கு எடுத்துட்டுப் போயி அவருக்குக் குடுத்துடாத.”

இவ்வளவும் தின்றேன். இலவசமாகக் கொடுத்த சத்து மாத்திரையையும் ஒரு நாள் விடாமல் விழுங்கினேன். தை மாதம் பார்த்தபோது எட்டுப் புள்ளி ஒன்று. மாசி பிறந்து பார்த்தபோது மறுபடியும் எட்டு.

“வேற எதாச்சும் திங்கிறியா? மண்ணு, பல்பம், சாம்பல்?” என்று செவிலியர் கேட்டார். வருகிற எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான்.

“இல்ல சிஸ்டர்” என்றேன். மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் இதே பதில்தான்.

நான் திருநீறு தின்றுகொண்டிருந்தேன்.

கடையிலிருந்து பேருந்து நிலையத்துக்கு வீதி சுற்றிப் போகாமல், செருப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டு மேலக் கோபுரத்தில் நுழைந்து கோயிலுக்குள்ளேயே நடந்து கீழக் கோபுரம் வழியாக வெளியே வருவேன். அது குறுக்கு வழி. உள்ளே கல் குளிர்ந்திருக்கும். சாமி கும்பிட்டு வருகிறவர்கள் நெற்றிக்குப் பூசியது போக மிச்சத் திருநீற்றைத் தூண் அடியில் கொட்டிவிட்டுப் போவார்கள். தூணுக்குத் தூண் சின்னச் சின்னக் குவியல்கள். ஒரு நாள் அந்த வாசனை என்னை நிறுத்திவிட்டது. முதல் மழையில் நனைந்த மண்ணும், அணைந்த அடுப்பும், சுண்ணாம்பு அடித்த சுவரும் ஒன்றாய்க் கலந்த ஒரு வாசனை. வாயில் நீர் ஊறியது. ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் வைப்பது போல வைத்து, விரலை நாக்கில் தொட்டேன்.

அதன் பிறகு எனக்கு வேறு எதிலும் ருசி இல்லை. கடலை உருண்டை கடமைக்கு, திருநீறு ஆசைக்கு. கைக்குட்டை முனையில் முடிந்து எடுத்துப்போவேன். கடையில் டைப் அடிக்கும்போதும் அது என் மடியில் இருக்கும். பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு சிட்டிகை நாக்கில் கரைய, சவுக்குத் தோப்புகள் ஆடிக்கொண்டே போகும். அப்போது நான் இருந்த இடம் கடலூரும் இல்லை, சிதம்பரமும் இல்லை. மாத்திரை விழுங்கினால் வாயில் துருப்பிடித்த ருசி வரும். அதைப் போக்கவும் ஒரு சிட்டிகை. சாமி பிரசாதம்தானே, அதில் என்ன கெடுதல் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நெற்றி நிறையப் பூசிக்கொண்டு வீட்டுக்கு வரும் என்னைப் பார்த்து என் புருஷன், “இப்பல்லாம் பக்தி ஜாஸ்தியாயிடுச்சு” என்று கேலி செய்வார். நான் பக்திமான் போலவே முகத்தை வைத்துக்கொள்வேன்.

காட்டிக்கொடுத்தது கீபோர்டு. சில எழுத்துகள் அழுத்தினால் எழும்பவில்லை. முதலாளி சத்தம் போட்டார். அக்கா அதைக் கவிழ்த்துத் தட்டினார். மேசையில் சாம்பல் நிறத்தில் பொடி உதிர்ந்தது. விரலில் தொட்டு முகர்ந்தார். என் கைக்குட்டையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

“எத்தினி நாளா?”

நான் கைக்குட்டையைச் சுருட்டிப் பைக்குள் திணித்தேன்.

“எந்தங்கச்சி செவுத்துச் சுண்ணாம்ப நக்குவா. கல்யாணமான ஊட்ல ஒரு பக்கத்துச் செவுரே காலி. ஏம்மா, நீ திங்கிற பேரீச்சம்பழத்த இது வயித்துல ஒட்டவுடாதாம். அவளுக்கு டாக்டர் சொன்னாங்க. நீ சிஸ்டர்கிட்ட சொல்லலன்னா நானே பஸ் புடிச்சு வந்து சொல்வேன்.”

அவர் செய்யக்கூடியவர். அன்று கோயில் வழியாகப் போகவில்லை. வீதி சுற்றி நடந்தேன். வழியெல்லாம் அழுகை வந்தது. பிள்ளைக்கென்று அந்த மனுஷன் ஒதுக்கிவைத்த காசில் வாங்கியதை எல்லாம், மேலே சாம்பலைப் போட்டு நானே மூடிக்கொண்டிருந்தேன். முந்தைய முறை விதி என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். இந்த முறை போனால் அப்படிச் சொல்ல முடியாது.

செவ்வாய்க்கிழமை சுகாதார நிலையத்தில் பெஞ்சு நிறையப் பெண்கள் வயிற்றோடு உட்கார்ந்திருந்தோம். செவிலியர் மேசை அதே அறையில்தான். ஒருத்திக்குச் சொல்வது எல்லோருக்கும் கேட்கும். என் முறை வந்தது. அவர் எழுதிக்கொண்டே வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

“துண்ணூறு திங்கிறேன் சிஸ்டர்” என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன், ஆனால் அறை அந்த நேரம் பார்த்து அமைதியாக இருந்தது.

அவர் பேனா நின்றது. பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன். அப்போது சிரித்தவளே சொன்னாள்.

“எனக்குச் செங்கல்லு சிஸ்டர். புதுச் செங்கல்லுதான். பழசு புடிக்காது.”

“நான் பல்பம்” என்றது மூலையிலிருந்து ஒரு சின்னப் பெண். “பெரிய பையன் சிலேட்டுக்குன்னு வாங்குறது. அவனுக்கு மிச்சமே இருக்கறதில்ல.”

பச்சரிசி என்றாள் ஒருத்தி. அடுப்பு மண் என்றாள் இன்னொருத்தி. கடைசியில் செவிலியர் பேனாவை மூடிவைத்துவிட்டு எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று எல்லோரும் காத்திருந்தோம்.

“ஏன்டி, இத்தினி மாசமா ஒவ்வொருத்தியா கேட்டேனே, ஒருத்தியாச்சும் வாயத் தொறந்தீங்களா?” என்றார். கோபம்தான், ஆனால் பாதியில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு உட்காரவைத்துச் சொன்னார். ரத்தம் குறைவதால்தான் இந்த ஆசை வரும். இதைத் தின்னத் தின்ன ரத்தம் இன்னும் குறையும். உங்கள் குற்றம் இல்லை, ஆனால் நிறுத்தியாக வேண்டும். பூச்சி மாத்திரை கொடுத்தார். சத்து மாத்திரையோடு டீ குடிக்காதே, ஒரு நெல்லிக்காயைக் கடி என்றார். நெல்லிக்காய் என் ஐந்து ரூபாய்க்குள் சுலபமாக அடங்கியது.

நிறுத்துவது சுலபமாக இல்லை. கைக்குட்டையைத் துவைத்துக் காயவைத்த பிறகும் அதன் முனையை முகர்ந்துகொண்டிருந்தேன். வாய் நமநமத்தால் வேர்க்கடலையை ஒவ்வொன்றாகத் தோல் நீக்கித் தின்பேன். பங்குனியில் முந்திரிப் பழம் வந்தது. கொட்டையை எடுத்துக்கொண்டு பழத்தைத் தூக்கிப் போடுகிற ஊர்ப்பக்கத்திலிருந்து என் புருஷன் ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். உப்புத் தொட்டுத் தின்றால் தொண்டை கரகரக்கும். அந்தக் கரகரப்பு சாம்பல் ஆசையைக் கொஞ்சம் அடக்கியது. என் இரண்டு ஜாக்கெட்டுகளில் அதன் கறை கடைசி வரை போகவில்லை.

சித்திரை பிறந்த முதல் செவ்வாய்க்கிழமை செவிலியர் என் விரலில் குத்தினார். பார்த்தார். “பத்துப் புள்ளி ரெண்டு” என்றார். இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றேன். சொன்னார். பாண்டிச்சேரிக்கு எழுத வேண்டாம் என்றும் சொன்னார்.

மறுநாள் வேலைக்குப் போய்விட்டு, பல வாரங்களுக்குப் பிறகு கோயில் வழியாக நடந்தேன். அதே தூண், அதே குவியல். பயந்துகொண்டேதான் பக்கத்தில் போனேன். குனிந்து முகர்ந்தேன். சாம்பல் வாசனை வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை. வாய் ஊறவில்லை. கல்லும் அன்று வெறும் கல்லாக இருந்தது. யாரோ எழுப்பி ஒரு கனவைக் கலைத்துவிட்ட மாதிரி முதலில் வருத்தமாகக்கூட இருந்தது. பிறகு வயிறு கூப்பிட்டது. சாதாரணப் பசி. ஊரில் எல்லோருக்கும் வருகிற பசி.

பேருந்து நிலையத்தில் வேர்க்கடலை வாங்கிக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். அத்தனை மாதமும் வயிற்றில் இருந்ததை நானும் என் புருஷனும் ‘அது’ என்றுதான் சொல்லிவந்தோம். பெயர் யோசிக்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. போய்விட்டால் தாங்குவதற்கு அது வசதி. பஸ் கிளம்பியது. உள்ளே ஒரு உதை விழுந்தது. நான் பொட்டலத்தைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு, வயிற்றின் மேல் கையை வைத்து, முதல் தடவையாகக் கேட்டேன், “பசிக்குதா கண்ணு?”