தானாக விழுந்தவர்கள்

விபத்து இழப்பீட்டுத் தொழிலில், அடிபட்டவர் ஆஸ்பத்திரியில் முதன்முதலில் சொன்ன ஒரு வரிதான் கேஸ். மற்ற நாற்பது பக்கமும் அந்த வரிக்குப் போட்ட அட்டை.

நான் வக்கீல் குமாஸ்தா. எட்டாம் வகுப்போடு நின்றவன். கோயமுத்தூர் கோர்ட்டில் இருபத்தேழு வருஷமாகக் கேஸ் கட்டுத் தூக்குகிறேன். ஒரு தடவையாவது காரில் இடிபட்டு, இன்சூரன்ஸ்காரர்களிடம் வலியைக் காகிதத்தில் காட்ட வேண்டி வந்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். மற்றவர்களுக்கு இடிபட்ட பிறகு புரியும்.

அன்று மக்கள் நீதிமன்றம். இரண்டு தரப்பும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசி, ஒத்துக்கொண்டால் அன்றைக்கே முடித்துக்கொள்கிற நாள். எங்கள் மேஜையில் இருந்தவர்கள்: நீதிபதி ஐயா, பக்கத்தில் ஒரு மூத்த வக்கீல், தட்டச்சு செய்யும் அம்மா; இன்சூரன்ஸ் கம்பெனி அதிகாரி, அவர்களுடைய வக்கீல்; எங்கள் வக்கீலம்மா, நான்; அடிபட்டவர்கள் நான்கு பேர். ஆகப் பதினொன்று. கேஸ் கட்டு நான்கு. நான்கிலும் கம்பெனி எழுதியிருந்தது ஒன்றுதான்: சிறு விபத்து, சிறு காயம்.

மூன்றைப் பற்றி எங்களுக்குக் கவலை இல்லை. நான்காவது, அன்னூர்ப் பக்கத்து மாராத்தாளுடையது. மொபெட்டில் போனவரைக் கார் இடித்ததில் வலது கட்டைவிரல் மடங்காமல் போய்விட்டது. பால் கறந்து பிழைக்கிறவருக்கு மற்ற நான்கு விரலால் என்ன பிரயோசனம்? மூன்று கறவையில் இரண்டை விற்றாகிவிட்டது. இன்னொரு ஆபரேஷன் செய்தால் விரல் மடங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கேஸ் இன்று முடிந்தால் ஆபரேஷன். முடியாவிட்டால் மூன்றாவது மாடும் சந்தைக்கு. இந்தக் கேஸில் மட்டும் கம்பெனி ஒன்றுமே தர முடியாது என்றும் சொல்லிவிட்டது. ஏனென்றால் ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டில், "தானாக வண்டியிலிருந்து விழுந்ததாகச் சொன்னார்" என்று எழுதியிருந்தது. சொன்னவர் மாராத்தாளேதான்.

நலம் விசாரித்தால்

முதலில் கூப்பிட்டது பீளமேடு கோவிந்தராஜுலுவை. மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். நின்றிருந்த காரில் யாரோ சடாரென்று கதவைத் திறக்க, சைக்கிளோடு மோதி முழங்கால் பெயர்ந்தது. எங்கே எப்படி வலிக்கிறது என்று உள்ளபடி சொல்லுங்கள் என்று படியேறும்போதே மூன்று முறை சொல்லியிருந்தேன். நீதிபதி ஐயா, பெரியவரே, இப்போது எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். இவர் எழுந்து கும்பிட்டு, "நல்லா இருக்கேனுங்க" என்றார். கம்பெனி வக்கீல் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. வக்கீலம்மா காதில் மட்டும் ஒரு கணக்குச் சொன்னேன். கீழிருந்து இந்த அறைக்கு நாற்பத்திரண்டு படி. பெரியவர் நான்கு இடத்தில் உட்கார்ந்து ஏறினார். அம்மா அதை மேஜையில் சொன்னதும் அதிகாரி, தரையில் ஒருதரம் உட்கார்ந்து எழுந்திருங்கள் என்றார். உட்கார்ந்தவரைத் தூக்கிவிட இரண்டு பேர் வேண்டியிருந்தது. கேஸ் முடிந்தது. ஏனுங்க இப்படிப் பண்ணினீர்கள் என்று வெளியே வந்து கேட்டேன். "அவ்வளவு பெரியவங்க நல்லா இருக்கீங்களான்னு கேக்குறாங்க. இல்லீங்கன்னு சொன்னா அவுங்க மனசு சங்கடப்படாதுங்களா?" என்றார்.

மஞ்சள் பை

அடுத்தவர் சின்னராசு, மேட்டுப்பாளையம் பாக்கு மண்டியில் மூட்டை தூக்குகிறவர். பின்னால் வந்த கார் சுவரோடு வைத்து அழுத்தியதில் முழங்கை எலும்பில் விரிசல் விட்டது. முதல் நாள் பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார். மறுநாளே கிளம்பி, எலும்புக்குக் கட்டுப் போடுகிற வைத்தியரிடம் போய்விட்டார். அந்த வைத்தியர் வெற்றிலை பாக்கு வாங்குவாரே தவிர, கையெழுத்துப் போட்டு எதையும் கொடுக்க மாட்டார்.

நாற்பது நாள் வைத்தியத்துக்கு ஒரு தாளாவது வேண்டாமா என்று அதிகாரி கேட்டார். கேள்வி நியாயமானது, அவரும் மேலே ஒருவருக்குப் பதில் சொல்ல வேண்டியவர். சின்னராசு மடியில் வைத்திருந்த மஞ்சள் பையைப் பிரித்து மேஜைமேல் கொட்டினார். எண்ணெய்க் கறை படிந்த துணி ஒன்று, கையோடு வைத்துக் கட்டியிருந்த மூங்கில் தப்பை நான்கு. அறை முழுக்க எண்ணெய் வாசம். தட்டச்சு அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். மூத்த வக்கீல் எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் பிடித்து, விரிசல் நிஜந்தானே என்றார். அதிகாரியும் ஒத்துக்கொண்டு தொகையை எழுதச் சொல்லும்போதே சின்னராசு குறுக்கே சொன்னார்: "பில்லுத்தானுங்க இல்ல. தப்பை நாலும் இருக்குதுங்க, எண்ணிப் பாத்துக்குங்க."

மெதுவாக மோதியவர்

அவிநாசிப் பழனிச்சாமியுடைய கேஸ்தான் எல்லாவற்றிலும் சுலபம் என்று நினைத்திருந்தோம். கல்யாண மண்டப வாசலில் நின்றவரை ஒரு கார் தட்டி, விலா எலும்பு இரண்டு போயிற்று. பில் இருக்கிறது, எக்ஸ்ரே இருக்கிறது, போலீஸ் காகிதம் இருக்கிறது. அதிகாரி முதல் பேச்சிலேயே சரி என்றுவிட்டார். காரை ஓட்டியது பழனிச்சாமியின் சொந்த மாப்பிள்ளை என்பது மட்டுந்தான் அதில் விசேஷம்.

காரோட்டியின்மேல் தப்பு என்றால்தான் கம்பெனி கொடுக்கும். அதனால் எல்லா மனுவிலும் 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி' என்று ஒரு வரி இருக்கும். மனுவில் கையெழுத்துப் போட்ட அன்று பழனிச்சாமி அதைப் படிக்கவில்லை. இப்போது தட்டச்சு அம்மா உரக்கப் படித்தார். இவர் எழுந்துவிட்டார். அந்த வரியை எடுத்தால் கொடுக்க வழியில்லை என்று வக்கீலம்மா சொன்னார். அப்படியானால் வேண்டாம் என்றார் இவர். இது வெறும் வழக்கமான வாசகம் என்று நீதிபதி ஐயாவே எடுத்துச் சொல்லியும், பேனாவைத் தொடவில்லை. "எங்க மாப்பிள்ளை அப்படி ஓட்டுற ஆளில்லீங்க. மெதுவாத்தான் மோதுனாருங்க."

கார் என்று ஒரு எழுத்து

அவரை ஓரமாக உட்கார வைத்துவிட்டு மாராத்தாளைக் கூப்பிட்டார்கள். அதிகாரி தன் கட்டிலிருந்து விபத்துப் பதிவேட்டின் நகலை எடுத்து நடுவில் வைத்தார். போலீஸில் புகார் கொடுத்ததும் பதினோரு நாள் கழித்துத்தான் என்று அவர்கள் வக்கீல் சேர்த்துக்கொண்டார். நோட்டீஸ் வாங்கிய கார்க்காரரும் வரவில்லை. பாலிசி இருந்த ஏதோ ஒரு காரைப் பிடித்துக் கேஸில் சேர்த்துவிட்டதாக அவர்கள் சந்தேகம். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று நீதிபதி ஐயா கேட்டார். மாராத்தாள் வலது கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு, அன்றைக்கு அப்படி வாயில் வந்துவிட்டது என்றார்.

அந்த நேரம் பார்த்து வக்கீலம்மாவை வேறு அறையில் கூப்பிட்டார்கள். இரண்டு நிமிஷம் என்று சொல்லிவிட்டுப் போனார். அதிகாரி கட்டை மூட ஆரம்பித்தார். அவர் கெட்ட மனிதர் அல்ல. குரலில் வருத்தந்தான் இருந்தது. "நான் என்ன பண்றதுங்க அம்மணி? இந்தத் தாள்ல கார்னு ஒரு எழுத்தாவது இருந்தா நானே பேசியிருப்பேனுங்க."

பதினான்காவது வரி

எதைக் கண்டாலும் எண்ணுவது என் வழக்கம். அவர் மூடும் முன் அந்தத் தாளின் வரிகளை எண்ணினேன். பதிமூன்று. எங்கள் நகலில் பதினான்கு. பதிவேடு நீளமான புத்தகம். சாதாரணத் தாளில் நகல் எடுத்தால் அடிவரி வெட்டுப்பட்டுப் போகும். அதற்காகவே நான் எப்போதும் நீளத் தாளில்தான் எடுப்பேன். ஆனால் அந்த அடிவரியின் கிறுக்கலை நாங்களும் அதுவரை படித்துப் பார்த்ததில்லை. அந்தத் தப்பு எங்களுடையது.

காதில் சொல்ல வக்கீலம்மா இல்லை. எழுந்து நின்றேன். "ஐயா, அவுங்க தாள்ல வரி பதிமூணு, எங்க தாள்ல பதினாலு" என்றேன். சொல்லிக்கொண்டே தாளை நீட்டினேன். நீதிபதி ஐயா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மூத்த வக்கீல் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டே குனிந்து படித்தார்: அழைத்து வந்தவர், ஒரு பெயர், ஒரு போன் நம்பர். பெயரைக் கேட்டதும் அதிகாரி நிமிர்ந்து, தன் கட்டில் இருந்த பாலிசியைப் பிரித்தார். அதே பெயர், அதே நம்பர். தானாக விழுந்த மாராத்தாளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தவர், அந்தக் காருக்குச் சொந்தக்காரர்.

அதிகாரி வெளியே போய் மேலதிகாரியிடம் போனில் பேசிவிட்டு வந்தார். அதற்குள் வக்கீலம்மாவும் வந்துவிட்டார். பேசி, ஆபரேஷனையும் சேர்த்து எழுதி முடித்தார்கள். மாராத்தாள் கையெழுத்துப் போடும்போது பேனா இரண்டு முறை நழுவிற்று. இரண்டு முறையும் அதிகாரிதான் எடுத்துக் கொடுத்தார். கொடுத்துக்கொண்டே, இதை அன்றைக்கே டாக்டரிடம் சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டார். இதனால் கார்க்காரருக்குத் தொந்தரவு வருமா என்று மாராத்தாள் திருப்பிக் கேட்டார். வராது, கொடுப்பது கம்பெனிதான் என்று அவர் சொன்ன பிறகுதான் காரணத்தைச் சொன்னார்.

"அவுங்க பக்கத்துல நின்னுட்டு இருந்தாங்க. புது காருங்க, சீட்டெல்லாம் என் ரத்தம். அதையும் பண்ணிப்போட்டு, அவுங்க முன்னாடியே அவுங்க பேரையும் கெடுக்கோணுமாங்க?"

ஓரத்தில் இருந்த பழனிச்சாமி அதற்குப் பலமாகத் தலையாட்டினார். ஆகையால் கொண்டுபோன கேஸ் கட்டு நான்கு, முடிந்தது மூன்று, மீதி ஒன்று.