ராஜா முகத்துக்கு அடியில்

எக்ஸ்ரே அக்கா என்று சொன்னால்தான் ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரியும். இருபத்தாறு வருஷமாக எலும்பின் நிழலைப் பார்த்துப் பழகிய கண். அந்தக் கண்ணுக்குப் பிடித்த ஒரே பைத்தியம், பழைய பிரெஞ்சு தங்கக் காசு. நகை நட்டு எதற்கும் ஆசைப்படமாட்டாள். நான்கைந்து வருஷம் மிச்சம் பிடித்து ஒரு காசு வாங்குவாள். இதுவரை சேர்ந்தவை ஐந்து.

போன மாதம் நாணயக் கடைக்காரரின் பழுதுத் தட்டில் பதினான்காம் லூயி காசு ஒன்று கிடந்தது. ராஜாவின் கன்னத்தில் ஏதோ கீறல் என்று அடிமாட்டு விலை போட்டிருந்தார். அக்கா லென்ஸை வைத்துக் காசைச் சாய்த்துப் பார்த்தாள். அந்த ராஜா பழைய காசுகளை உருக்காமலே அவற்றின் மேல் புது அச்சு அடிக்க வைத்தவர். இதில் பழைய அச்சு முழுசாக அழியவில்லை. கிழ முகத்துக்கு அடியில் அவருடைய இளவயது மூக்கு எட்டிப் பார்த்தது.

நாமாக இருந்தால் வாயைத் திறந்திருப்போமா?

“அண்ணே, இது கீறல் இல்ல. ஒரே காசுல ரெண்டு முகம். இவ்வளவு தெளிவா கிடைக்கிறது அபூர்வம்,” என்றாள்.

காசு உடனே கண்ணாடிப் பெட்டிக்குள் போனது. விலை அக்காவுக்கு எட்டாத உயரத்துக்குப் போனது.

வீட்டில் தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். “வெண்ணெய் திரண்டு வரப்ப தாழிய உடைச்சிட்டு வந்திருக்கியே! பேசாம வாங்கியிருந்தா என்னக்கா?”

“வாங்கியிருக்கலாம்டி,” என்றாள் அக்கா, செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு. “அப்புறம் எப்ப எடுத்துப் பார்த்தாலும், ராஜா முகத்துக்கு அடியில என் முகம்ல தெரியும்?”