சம்மனசுக்கு அளவு எடுத்தவள்

பிரகாசியின் வீட்டில் எந்தக் காலிப் பெட்டியும் ஒரு வாரத்துக்கு மேல் பெட்டியாக இருந்ததில்லை. பால்மாவு வந்த அட்டைப்பெட்டி கிறிஸ்துமஸ் குடிலில் மாளிகையாகிவிடும். சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாள் நட்சத்திரமாகும். பிஸ்கட் பொட்டலத்தின் சிவப்புக் கண்ணாடித்தாள் மாதா சுரூபத்துக்கு முன்னால் ரோசாப்பூவாகிவிடும். அவள் புருஷன் ரோச், தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு வெங்காயமும் வற்றலும் ஏற்றிப்போகும் தோணியில் வேலை பார்த்தான். மற்ற தோணிக்காரர்கள் பெண்டாட்டிக்குச் சோப்பும் சேலையும் கொண்டுவந்தார்கள். ரோச் தேயிலைப் பெட்டிகளின் உள்ளே ஒட்டியிருக்கும் ஈயத்தாளை உரித்துச் சுருட்டிக் கொண்டுவந்தான். தெருவில் சிரித்தார்கள். சிரித்தவர்களே டிசம்பர் பிறந்தால் நட்சத்திரம் கேட்டு அவள் வாசலில் வந்து நின்றார்கள்.

ரோச்சை நல்லவன் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அவன்மேல் ஒரு கோபம் உண்டு. மூன்று பெண்களுக்குப் பிறகு அறுபத்தெட்டாம் வருஷம் நாலாவதும் பெண்ணாகப் பிறந்தது. சலேத் என்று பெயர் வைத்தார்கள். ரோச்சின் அக்காள் விக்டோரியம்மாளுக்குக் கல்யாணமாகிப் பதினொரு வருஷமாகியும் பிள்ளையில்லை. அவள் புருஷன் இனிகோ கப்பல் ஏஜெண்டு ஆபீசில் குமாஸ்தா. மாடிவீடு, சம்பளம், எல்லாம் இருந்தது. நாற்பது நாள் பிள்ளையை அக்காள் மடியில் வைத்துவிட்டு வந்தான் ரோச். அக்காள் வீடுதானே, அது என்ன காடா என்றான். பெற்றவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பால் கட்டிக்கொண்டு அவள் ஒரு வாரம் சுவரோடு திரும்பிப் படுத்திருந்தாள்.

ஒரே ஒரு நிபந்தனை. பெற்றவள் யாரென்று பிள்ளைக்குத் தெரியக் கூடாது. அதனால் சலேத்துக்குப் பிரகாசி ‘மாமி’ ஆனாள். அடிக்கடி போனால் பிள்ளை ஒட்டிக்கொள்ளும், அக்காளுக்குச் சங்கடம் என்று ரோச் சொன்னதால், மாடிவீட்டுப் பக்கம் போவதையும் குறைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் நாலு வரிசை தள்ளி அந்தப் பின்னலைப் பார்ப்பாள். அவ்வளவுதான் அவளுக்குக் கிடைத்தது.

மே மாதக் கடைசி நாள் சாயங்காலம் மாதா சப்பரம் தெருச்சுற்றி வரும். அதற்கு முன்னால் சின்னப் பெண்பிள்ளைகள் சம்மனசு வேஷம் கட்டி, வெள்ளை அங்கியும் முதுகில் செட்டையுமாகப் பூத்தூவிக்கொண்டு போவார்கள். வானதூதரைச் சம்மனசு என்பதும், சிறகைச் செட்டை என்பதும் அந்தக் கரையின் பேச்சு. புதுநன்மை என்னும் முதல் நற்கருணை வாங்கும்வரைதான் ஒரு பிள்ளைக்கு அந்த வேஷம். பத்து வயதானால் முடிந்தது. சலேத்துக்கு நாலு வயதான வருஷம், விக்டோரியம்மாளே அவளைக் கையில் பிடித்து வந்து, செட்டை செய்து தா என்று கேட்டாள்.

பிரகாசி அளவுக்கு நாடா வைத்திருக்கவில்லை. பழைய நியூஸ்பேப்பரை ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து, பிள்ளையின் தோளிலிருந்து தோளுக்குப் பிடித்து, அளவு வந்த இடத்தில் நகத்தால் கிள்ளி எடுப்பாள். அன்றைக்கு அந்தச் சின்ன முதுகில் அவள் கை பட்டபோது பிள்ளை கூச்சத்தில் நெளிந்து சிரித்தது. அளவெடுக்கிற சாக்கில் கழுத்து, தோள், முழங்கை எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டாள். அந்தத் துண்டுப் பேப்பரை வேலை முடிந்த பிறகும் எறியவில்லை. ஜெபப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

செட்டை செய்வது லேசான வேலையில்லை. அட்டையை வெட்டி, ஈயத்தாளைக் கரண்டி முதுகால் தேய்த்துச் சுருக்கம் எடுத்து, இறகு இறகாகக் கத்தரித்து, கீழிருந்து மேலாக அடுக்கி ஒட்ட வேண்டும். பூச்சி அரிக்காமல் இருக்க மைதாப் பசையில் கொஞ்சம் மயில்துத்தம் கலப்பாள். ஒரு செட்டைக்கு இருநூறு இறகு. இருநூறும் ஒரே அச்சில் இருக்கும். அப்படிப்பட்ட கைகாரிக்கு, இரண்டாம் வருஷம் தோள்பட்டி மட்டும் அளவு தப்பிப்போனது. ஒரு விரற்கடை குட்டை. பிள்ளையை இன்னொரு தடவை கூட்டிவரும்படி மதினி விக்டோரியம்மாளுக்குச் சொல்லி அனுப்பினாள். வந்தாள். மறுபடி சரிசெய்தபோது லூசாகிவிட்டது. மறுபடி வந்தாள். மூன்றாம் வருஷமும் அப்படியே. நாலாம் வருஷமும் அப்படியே. இருநூறு இறகை மயிரிழை பிசகாமல் வெட்டுகிறவளுக்கு ஒரு தோள்பட்டி எப்படி வருஷா வருஷம் தப்பும் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு மே மாதத்துக்கு மூன்று தடவை. அந்த மூன்று தடவையை எண்ணித்தான் மீதிப் பதினொரு மாதத்தையும் அவள் தள்ளினாள்.

எழுபத்தாறில் சலேத்துக்கு எட்டு வயது. அந்த வருஷம் பிரகாசிக்குப் பேராசை வந்துவிட்டது. பிள்ளை வளர்ந்துகொண்டே போகிறாள், இதையும் சேர்த்து இரண்டு மே மாதம்தான் மிச்சம் என்ற நினைப்பு அவளைப் பிடித்து ஆட்டியது. மூன்று தடவை போதாமல் நாலாவது தடவையும் வரச்சொன்னாள். அதனால் வேலை இழுத்துக்கொண்டே போனது. கடைசி நாள் மத்தியானம்வரை செட்டையின் உள்பக்கத்துக்கு வெள்ளைத்தாள் ஒட்டி முடியவில்லை. ஒட்டினாலும் காய நேரமில்லை. வெள்ளை மல்துணியை அளவாக வெட்டி நாலு குண்டூசியால் குத்தி மறைத்து அனுப்பிவிட்டாள்.

சப்பரம் கடற்கரைத் தெருவுக்குத் திரும்பியபோது கச்சான் காற்று புழுதியை வாரி அடித்தது. குண்டூசி தெறித்து மல்துணி பறந்துபோயிற்று. உள்ளே இருந்தது பால்மாவு அட்டை. அதில் இங்கிலீஷில், கொட்டை எழுத்தில், ‘கவனமாகத் தூக்கவும், உடையும் பொருள்’ என்று அச்சடித்திருந்தது. பிரகாசிக்கு இங்கிலீஷ் தெரியாது. முன்னால் போன கான்வென்டுப் பிள்ளை திரும்பிப் பார்த்து அதைச் சத்தமாக வாசித்தாள். வரிசை முழுக்கச் சிரிப்பு ஓடியது. பால்மாவுச் சம்மனசு என்று ஒருத்தி பெயரே வைத்துவிட்டாள். தெருமுனை வரும்வரை சலேத் தலை நிமிரவில்லை. தெருமுனையில் பிரகாசி நின்றுகொண்டிருந்தாள். பிள்ளை வரிசையை விட்டு விலகி வந்து, பட்டியை இழுத்து அறுத்து, செட்டையை அவள் காலடியில் போட்டாள்.

“இனிமே நீங்க எனக்கு ஒண்ணும் செய்யாதீங்க மாமி” என்றாள்.

அழுதுகொண்டு சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். பிள்ளை அழாமல் சொன்னாள்.

மறுநாள் காலை விக்டோரியம்மாள் தனியாக வந்தாள். திட்டத்தான் வருகிறாள் என்று பிரகாசி வாசலிலேயே எழுந்து நின்றாள். மதினி திட்டவில்லை. அடுக்களைப் படியில் உட்கார்ந்து, அங்கே கிடந்த ஈயத்தாள் சுருளைக் கையில் எடுத்தாள்.

“ஏளா, ஒனக்கு அளவு தப்பாதுன்னு எனக்குத் தெரியாதா? ரெண்டாம் வருசமே தெரியும். தெரிஞ்சுதான் ஒவ்வொரு தடவையும் கூட்டிட்டு வந்தேன்” என்றாள்.

பிரகாசி வாயில் சேலைத் தலைப்பை அடைத்துக்கொண்டு அழுதாள். மதினியும் அழுதாள். இருவரும் ஒருவரை ஒருவர் தேற்றவில்லை. ஒருத்தியிடம் இருப்பதுதான் மற்றவளிடம் இல்லாதது என்னும்போது எதைச் சொல்லித் தேற்றுவது?

அடுத்த வருஷம் மே மாதம் பிறந்தது. சலேத்துக்கு அதுதான் கடைசி வேஷம். மெட்ராசில் கடையில் விற்கிற செட்டைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாளாம். இனிகோ ஆபீஸ் ஆள்மூலம் விசாரித்துப் பார்த்தும் அப்படியொன்று அகப்படவில்லை. ஒருநாள் விக்டோரியம்மாள் மட்டும் வந்து, மடியிலிருந்து ஒரு நியூஸ்பேப்பர் துண்டை எடுத்து நீட்டினாள். பிள்ளை தூங்கும்போது பிடித்த அளவு. கத்தரிக்கோலால் நேராக வெட்டியிருந்தது.

“கடையில வாங்குனதுன்னு சொல்லிருதேன். மனசுல வச்சுக்கிடாத” என்றாள்.

பிரகாசி சரி என்று தலையாட்டினாள். இருபது நாள் அந்த ஒரு வேலைதான். அட்டையின் இரண்டு பக்கமும் வெள்ளைத்தாளை இரட்டையாக ஒட்டினாள். ஓர் எழுத்து, ஒரு கோடு, ஒரு பெட்டியின் மடிப்புத் தடம்கூட வெளியே தெரியாமல் தேய்த்தாள். ஓரத்துக்குத் தேயிலைப் பொட்டலத்தின் தங்கத்தாளை இழையாக நறுக்கிக் கட்டினாள். தான் செய்தது என்பதற்கு அதில் ஓர் அடையாளமும் இருக்கக் கூடாது என்றுதான் அத்தனை பாடும். தோள்பட்டியை மட்டும் கடைசியாக எடுத்தாள். பேப்பர் துண்டைப் பட்டியின்மேல் வைத்து, கத்தரிக்கோலை ஒரு விரற்கடை உள்ளே தள்ளி வைத்துப் பார்த்தாள். பிறகு சரியான அளவில் வெட்டித் தைத்தாள். ரோச் ஒரு புது அட்டைப்பெட்டி கொண்டுவந்தான். அதில் வைத்துக் கட்டி மாடிவீட்டுப் பின்வாசலில் கொடுத்துவிட்டு வந்தான்.

கடைசி நாள் சாயங்காலம் கோயில் முன்னால் பிள்ளைகள் வரிசை கட்டி நின்றார்கள். சலேத்தின் செட்டை வெயிலில் கண்ணைப் பறித்தது. கான்வென்டுப் பிள்ளைகள் அவளைச் சுற்றி மொய்த்தார்கள். கூட்டத்தின் ஓரமாக நின்ற பிரகாசியைப் பார்த்ததும் பிள்ளையின் முகம் மலர்ந்தது. போன வருஷத்துக் கோபமெல்லாம் மறந்துபோயிருந்தது. ஓடிவந்து முதுகைத் திருப்பிக் காட்டினாள்.

“பாத்தியளா மாமி, மெட்ராஸ்ல வாங்குனது. ஒரே தடவையில அளவு சரியா இருந்துச்சு.”

“நல்லா இருக்குளா” என்றாள் பிரகாசி. இடது பட்டி தோளில் லேசாக முறுக்கிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்யத் தன்னை அறியாமல் கையை நீட்டினாள்.

பிள்ளை ஓர் அடி பின்னால் நகர்ந்தாள்.

“தொடாதீங்க மாமி, கசங்கிரும்.”