முக்கால் செர்வேயின் லாரி

சார்வோ கிராமத்தில் செர்வே கோலாருக்கு 'முக்கால்' என்று ஒரு பெயர். எதைத் தொட்டாலும் முக்காலோடு நிறுத்திவிடுவார். வீட்டின் தெருப்பக்கச் சுவர் பூசி வெள்ளையடித்திருக்கும். தோட்டத்துப் பக்கம் கல்லும் சிமெண்டும் பல்லை இளித்துக்கொண்டு நிற்கும். கோழிக்கூட்டுக்கு மூன்று பக்கம் வலை, நாலாவது பக்கம் பழைய கட்டில் சட்டம். பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் எடுத்துவரும் லாரியை ஓய்வு பெறும்வரை ஓட்டினார், அது ஒன்றுதான் முழுசாகச் செய்த வேலை. அதையும் பாதியில் விட்டிருந்தால் ஊரே பாலில்லாமல் காபி குடித்திருக்கும்.

"கல்யாணத்தையாவது முழுசா முடிச்சாரான்னு கேளுங்க," என்பாள் அவர் மனைவி லியோனி. "மோதிரம் ஈஸ்டருக்குத்தான் வந்துச்சு. கல்யாணம் பிப்ரவரியில."

ஆர்டென் காட்டுப் பக்கம் இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது அமெரிக்கப் பட்டாளம் விட்டுப்போன பத்துச் சக்கர லாரிகளை மர வியாபாரிகள்தான் வாங்கினார்கள். கதவிலிருந்த பட்டாளத்து வெள்ளை நட்சத்திரத்தின் மேல் தார் பூசி, பின்னால் கிரேனைப் பொருத்தி, இருபது முப்பது வருடம் காட்டில் மரம் இழுத்தார்கள். அப்படி ஒன்றில் மீசை முளைத்த நாளிலேயே டிரைவராக ஏறி உட்கார்ந்தவர் ஃபிர்மன். செர்வேயின் பால்ய நண்பர், அவரைவிட நான்கு வயது மூத்தவர். முதலாளி செத்து மர அறுவை ஆலையை மூடியபோது அந்த லாரியைப் பின்புறம் தள்ளிவிட்டுப் போனார்கள். அதன் அடிச்சட்டத்துக்குள் ஒரு பிர்ச் மரம் முளைத்து, வளர்ந்து, கூரை வழியாக வெளியே வந்தது. ஃபிர்மன் ஓய்வு பெற்றபின் தினமும் போய் அதைப் பார்த்துவிட்டு வருவார், ஆஸ்பத்திரியில் கிடப்பவரைப் பார்த்துவருகிற மாதிரி.

கடைசியில் ஒருநாள் செர்வேயிடம் வந்தார். "உங்கிட்ட கொட்டகை இருக்கு. எங்கிட்ட கை இருக்கு. அந்த மரத்தை வெட்டி வண்டியைக் கொண்டாந்துடலாம்."

"நான் எதையும் முடிக்க மாட்டேன்னு ஊரே சொல்லுதே."

"முடிக்கிறது என் வேலை. நீ முக்கால் பண்ணு, போதும்."

கருவி என்று பெரிதாக எதுவும் கிடையாது. ஒரு பண்ணை ஜாக்கி, ரயில்வே ஸ்லீப்பர் கட்டைகள், கொட்டகை உத்திரத்தில் கட்டிய பாரம் தூக்கும் ஒரு செயின் பிளாக், ஒரு ஸ்பானர் செட். அந்த செட்டில் இந்த லாரிக்கு அதிகம் தேவைப்படும் அளவு மட்டும் இல்லை, அதற்குப் பதில் பெரிய ஸ்பானரின் வாயில் தகரத் துண்டைச் செருகித் திருப்பினார்கள். எஞ்சினைத் தூக்கிய அன்று உத்திரம் முனகிய முனகலில் லியோனி அடுப்பை அணைத்துவிட்டுத் தெருவுக்கு ஓடினாள். பேரிங்கைச் சூடாக்க அவளுடைய ரொட்டி அடுப்பைத்தான் பயன்படுத்தினார்கள். அந்த வாரம் சர்க்கரைப் பலகாரத்தில் கிரீஸ் வாசம் அடித்தது. சாப்பிட்டவர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை, சொன்னால் அடுப்பு போய்விடும்.

ரேடியேட்டர் ஒழுகியது. அதை எவ்வளவு ஈயம் வைத்தும் அடைக்க முடியாததால் உறையாத் திரவம் ஊற்றுவதில் அர்த்தமில்லை. எஞ்சின் ஓடாத காலத்திலும் ஒழுக்குப் பார்க்கவும் துருவைக் கழுவவும் ஊற்றியது வெறும் தண்ணீர்தான். அதனால் காட்டுக்காரர்களின் பழைய வழக்கத்தையே வைத்துக்கொண்டார்கள்: குளிர் தொடங்கியதும் வேலை முடிந்த ஒவ்வொரு சாயங்காலமும் தண்ணீரை இறக்கிவிட வேண்டும். எஞ்சினுக்குள் தண்ணீர் நின்று உறைந்தால் வார்ப்பிரும்பு வெடித்துவிடும். ரேடியேட்டருக்கு அடியில் ஒரு குழாய், எஞ்சின் பக்கவாட்டில் இன்னொன்று. இதற்குக் காட்டில் ஒரே ஒரு வார்த்தைதான்.

"ஒண்ணுக்குப் போக வெச்சியா?" என்று கேட்பார் ஃபிர்மன்.

"போச்சு."

"கம்பி விட்டியா?"

ஏனென்றால் எஞ்சினுக்குள் அத்தனை வருடத்துத் துருச்சேறு படிந்து கிடந்தது. குழாயைத் திறந்தால் கொஞ்சம் வரும், நின்றுவிடும். தீர்ந்துவிட்டதோ என்று தோன்றும், ஆனால் சேறு வாயை அடைத்திருக்கும். ஒரு முழக் கம்பியை விட்டுக் குத்தினால் மறுபடி பொலபொலவென்று கொட்டும். "நம்ம வயசுக்காரன்யா அவன்," என்பார் ஃபிர்மன். "நின்னுடுச்சுன்னா முடிஞ்சுதுன்னு அர்த்தமில்ல." அந்தக் கம்பி அவருடைய கோட்டுப் பையிலேயே இருக்கும். திறப்பது செர்வே, குத்துவது ஃபிர்மன். இப்படியே ஐந்தாறு குளிர்காலம் போனது.

இந்த வருடம் ஜூன் மாதம் எஞ்சின் பேசியது. ஒரு மூச்சுத் திணறல், ஒரு கரும்புகை, அப்புறம் அந்தப் பழைய உறுமல். நடுவில் ஒரு சின்ன இருமல் மட்டும் போகவேயில்லை. ஃபிர்மன் சீட்டில் உட்கார்ந்து அழுதார். செர்வே வெளியே போய்த் தோட்டத்துச் சுவரைப் பார்த்து நின்று அழுதார். ஒருவர் அழுவதை மற்றவர் பார்க்கவில்லை என்று இருவருமே நம்பினார்கள்.

ஃபிர்மனின் நுரையீரலில் புற்றுநோய் இருந்தது ஆகஸ்டில் தெரிந்தது. புது வருடத்தைப் பார்க்கலாம், ஈஸ்டரைப் பார்ப்பது கஷ்டம் என்று அவர் மகள் பெர்னாடெட்டிடம் டாக்டர் சொன்னார். ஃபிர்மனுக்கு வேறு ஆசை எதுவும் இல்லை. வருடாவருடம் டிசம்பரில் பழைய ராணுவ வண்டிகள் ஊர் ஊராக ஊர்வலம் போகும், சார்வோவின் பிரதான சாலையிலும் போகும். அந்தச் சாலையில்தான் அவர் வீடு. அந்த லாரியில் ஏறி, தன் வீட்டைத் தாண்டி ஒருமுறை போக வேண்டும். "அதுக்கப்புறம் என்னைக் கொண்டுபோய்ப் புதைங்க," என்றார்.

அக்டோபரில் அவர் படுக்கையில் விழுந்தார். செர்வே தனியாக பிரேக் வேலையை முடித்தார், முழுசாக. லியோனி வந்து பார்த்துவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். அன்று சாயங்காலம் காற்று திசை மாறி மூக்கு விறைத்தது. செர்வே ரேடியேட்டர் குழாயைத் திறந்தார், வாளி நிறைந்தது. எஞ்சின் குழாயைத் திறந்தார், ஒரு குவளை அளவுக்கு வந்து சொட்டி நின்றது. லியோனி சூப் ஆறுகிறது என்று கூப்பிட்டாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது.

"ஒண்ணுக்குப் போச்சா?" ஃபிர்மனின் குரல் சன்னமாக இருந்தது.

"போச்சு, போச்சு. நீ தூங்கு."

அடுத்த கேள்வியை ஃபிர்மன் கேட்கவில்லை. இருமல் வந்துவிட்டது, பெர்னாடெட் போனை வாங்கி வைத்துவிட்டாள். செர்வேக்கும் நினைவுக்கு வரவில்லை. கம்பி ஃபிர்மனின் கோட்டுப் பையில் இருந்தது, கோட்டு ஃபிர்மனின் வீட்டு ஆணியில் தொங்கியது.

உறைபனி விலகிய பிறகு தண்ணீர் ஊற்றியபோது தெரிந்தது. மேலே ஊற்றியது பக்கவாட்டில் கண்ணீர் மாதிரி கசிந்தது. விளக்கைப் பிடித்துப் பார்த்தார். எஞ்சினின் வார்ப்பிரும்பு உடலான பிளாக்கின் நீளத்தில் பாதிக்கு மயிரிழை போல ஒரு விரிசல். இரும்புப் பசையை அப்பிக் காயவைத்து எஞ்சினை ஓட்டிப் பார்த்தார். எண்ணெய் அளவுகோலை உருவினால் பால்விட்ட காபி நிறம். எண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தது, உள்ளேயும் வெடித்திருக்கிறது. இதே பிளாக் ஹாலந்தில் ஒருவரிடம் இருந்தது, வசந்தத்தில் அனுப்புகிறேன் என்றார். வசந்தம் யாருக்கு வேண்டும். செர்வே எண்ணெய்த் தரையில் உட்கார்ந்து தன்னைத்தானே வாய்விட்டுத் திட்டினார். பால் லாரிக்காரர்களுக்குத் தெரிந்த வசவு எல்லாம் தீர்ந்தும் மனம் ஆறவில்லை.

"போய்ச் சொல்லிடு," என்றாள் லியோனி.

"சொன்னா செத்துடுவான்."

"சொல்லாட்டியும் சாகத்தான் போறான். சொல்லிட்டா உனக்கு லேசா இருக்கும்."

"எனக்கு லேசா இருக்கிறதுக்கு அவனைக் கொல்லச் சொல்றியா?"

லியோனி உருளைக்கிழங்கை உரிப்பதில் முனைந்துவிட்டாள்.

ஒவ்வொரு முறையும் சொல்வதற்காகத்தான் போவார். போய்க் குளிரைப் பற்றிப் பேசிவிட்டு வருவார். டிசம்பர் பிறந்தபோது ஃபிர்மனால் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டிருந்தார்கள். ஆனால் தலையைத் தூக்க முடியாததால் எதிர்வீட்டுக் கூரையும் வானமும்தான் தெரியும்.

"என்னால ஏற முடியாதுய்யா," என்றார் ஃபிர்மன். "நீ ஓட்டிட்டுப் போ. இந்த ஜன்னலைத் தாண்டுறப்போ ஹாரனை ரெண்டு தடவை அடி. நான் கேட்டுக்கறேன்."

அந்த நொடியில் செர்வேயின் நெஞ்சில் வந்தது துக்கமில்லை, நிம்மதி. தப்பித்தோம் என்றுதான் தோன்றியது. தெருவுக்கு வந்தபிறகு அந்த நிம்மதியை நினைத்துத் தரையில் காறித் துப்பினார்.

ஊர்வலத்தன்று லாரியிலிருந்து ஹாரனைக் கழற்றினார். தள்ளுவண்டியில் ஆறு வோல்ட் பேட்டரியை வைத்து, இரண்டு வயரை முறுக்கி, மேலே ஒரு கோணியைப் போட்டு மூடி, ஃபிர்மன் வீட்டுச் சுவரோரம் ஜன்னலுக்குக் கீழே போய் நின்றார். சூடான வைனோடு நின்றிருந்தவர்கள் உருளைக்கிழங்கு விற்கிறாயா என்று கேலி செய்தார்கள். ஜீப்புகள் போயின, ஆம்புலன்ஸ் போனது. பிறகு அதே ரகப் பத்துச் சக்கர லாரி ஒன்று, புதுப் பெயிண்ட் பளபளக்க, தரை அதிர வந்தது. சரியாக ஜன்னலுக்கு நேரே வந்ததும் செர்வே வயர்களைச் சேர்த்தார். ஹாரன் இரண்டு முறை அலறியது. லாரி ஓட்டியவர் தனக்குத்தான் மரியாதை என்று நினைத்துத் தொப்பியைத் தொட்டார்.

தள்ளுவண்டியைச் சந்தில் நிறுத்திவிட்டு, லாரியை நிறுத்திவிட்டு ஓடிவந்தவர் மாதிரி மூச்சு வாங்கும் பாவனையோடு மாடி ஏறினார். பெர்னாடெட் கண் கலங்க நின்றாள். "அப்பா கேட்டாரு, மாமா. கேட்டதும் கையைத் தூக்கினாரு."

அவள் காபி போடப் போனாள். செர்வே கட்டிலருகே உட்கார்ந்தார்.

"கேட்டுச்சா?"

ஃபிர்மன் கண்ணைத் திறக்கவில்லை. "ஹாரன் நம்மளது."

"பின்னே?"

"எஞ்சின் நம்மளது இல்ல. அது இருமலயே."

கீழே கடைசி வண்டிகள் போய்க்கொண்டிருந்தன, குழந்தைகள் கத்தினார்கள்.

"ஒண்ணுக்குப் போச்சுன்னு சொன்னியே," என்றார் ஃபிர்மன்.

"போச்சு. நின்னுச்சு. தீர்ந்துடுச்சுன்னு நினைச்சுட்டேன்."

"கம்பி விடல."

"விடல."

ஃபிர்மனின் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. சிரிப்புக்கு அவ்வளவுதான் மிச்சம் இருந்தது. "பொய்யைக்கூட முக்கால்தான் பண்ணியிருக்கே. எஞ்சின் சத்தத்துக்கு என்ன பண்ணுவேன்னு யோசிக்கல பாரு."

"ஃபிர்மன், வசந்தத்துல ஹாலந்துல இருந்து பிளாக் வரும்..."

"எனக்கு அதுல ஏறணும்னு இருந்துச்சு," என்றார் ஃபிர்மன். "ஏற முடியாதுன்னு தெரியும். ஆனா அது அங்க உயிரோட நிக்குதுன்னு நினைச்சுட்டுப் படுத்துக் கிடந்தேன். ராத்திரியெல்லாம் அதைத்தான் ஓட்டினேன். அதையும் எடுத்துட்டியே."

செர்வே மன்னிப்புக் கேட்டார். ஒருமுறை கேட்டார், திரும்பவும் கேட்டார். ஃபிர்மன் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆணியில் அந்தக் கோட்டு தொங்கியது. பையில் கம்பியின் முனை துருத்திக்கொண்டு தெரிந்தது. செர்வே எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனார்.

"செர்வே."

திரும்பினார்.

"குளிருது. கதவை முழுசாச் சாத்திட்டுப் போ."