ஆள்காட்டி முட்டையும் எங்கள் தெரு நாய்களும்

அவனியாபுரத்தில் எங்கள் தெரு ஒரு கண்மாய்க் கரையில் போய் முடிகிறது. தை மாதம் வந்தால் நாட்டு மாட்டுக்காக உயிரைக் கொடுப்போம் என்று தொண்டை கிழியக் கத்துகிற ஊர் இது. மற்ற மாதங்களில் அதே ஆட்கள் கோழிக்கழிவை மூட்டை கட்டி வண்டியில் கொண்டுவந்து கண்மாய்க்குள் வீசிவிட்டு, ஒன்றும் தெரியாத மாதிரி போவார்கள். மூட்டையைத் தின்ன நாய்கள் வந்தன. தின்று கொழுத்துக் குட்டி போட்டுப் பெருகின.

தண்ணீர் வற்றிய கண்மாய்த் தரையில் ஆள்காட்டிக் குருவி முட்டையிடும். கூடெல்லாம் கட்டாது. சரளைக்கு நடுவே நான்கு முட்டை, அதுவும் கல் நிறத்திலேயே இருக்கும். நாய் மோப்பம் பிடித்து வந்துவிட்டால் குருவி அதன் தலைக்கு மேலே கத்திக் கத்திச் சுற்றும், வேறென்ன செய்யும். மூன்று வருடமாக ஒரு குஞ்சு கூட மிஞ்சவில்லை. இந்த வருடம் ஒரே ஒரு ஜோடிதான் வந்தது. அதன் குஞ்சு ஒன்றாவது தரையில் ஓடுவதைப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்திருந்தது.

நாய்களைப் பிடிக்கச் சொல்லிக் கேட்கப் போன முதல் அலுவலகத்தில், நாய் எங்களுடையது, கண்மாய் எங்களுடையதல்ல என்றார்கள். இரண்டாவது அலுவலகத்தில், கண்மாய் எங்களுடையது, குருவி எங்களுடையதல்ல என்றார்கள். குருவிக்கு உரிய அலுவலகத்தில் மான், மயில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். கரைக்கு இந்தப் பக்கம் ஒரு நிர்வாகம், அந்தப் பக்கம் வேறு நிர்வாகம். இந்தப் பக்கம் நாய் வண்டி வந்தால் நாய்கள் கரையேறி இறங்கி அந்தப் பக்கம் படுத்துக்கொள்ளும். எல்லை எது என்பது அதிகாரிகளைவிட நாய்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. இரண்டு வண்டியும் ஒரே நாளில் வாருங்கள் ஐயா என்பதுதான் என் மனுவின் மொத்த சாரமும். அது அவர்கள் மண்டையில் ஏற மாதக்கணக்கில் ஆனது.

மனுவுக்காகத் தெருவில் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினேன். ஒருவர் பாக்கியில்லாமல் போட்டார்கள். கழிவு கொட்டுகிற கறிக்கடைக்காரர்தான் முதல் ஆள், வாய் நிறையச் சிரிப்போடு. நாள் குறித்ததும் நோட்டீஸ் அடித்துக் கொடுத்தேன். கருத்தடை செய்து, பத்து நாள் வைத்துப் பார்த்து, பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவார்கள் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தேன். ஜோடி அப்போது முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தது; அந்தப் பத்து நாளுக்குள் குஞ்சு பொரித்து ஓடிவிடும் என்று நம்பியிருந்தேன்.

சனிக்கிழமை காலை கரைக்கு இரண்டு பக்கமும் வண்டிகள் வந்து நின்றன. தெருவில் ஒரு நாய் இல்லை. ஒரு மணி நேரம் வலையோடு அலைந்து, நொண்டிக்கொண்டிருந்த இரண்டு கிழட்டு நாய்களைப் பிடித்தார்கள். அப்போதுதான் ஒரு வீட்டு மாடியிலிருந்து குரைப்புச் சத்தம். பதிலுக்கு எதிர்வீட்டுக் குளியலறையிலிருந்து ஒன்று. மாடிப்படிக்கு அடியில், ஸ்கூட்டர் ஷெட்டில், தெரு முழுக்க வீட்டுக்கு ஒன்றாக ஒளித்து வைத்திருந்தார்கள். முதல் பக்கத்திலேயே கையெழுத்துப் போட்ட ஓய்வுபெற்ற வாத்தியாரிடம் போய், இது என்ன சார் நியாயம் என்றேன்.

"தம்பி, இது தெருநாய் இல்லப்பா. எங்க வீட்ல சாப்பிட்டுட்டுத் தெருவுல படுக்குது, அம்புட்டுதான்," என்றார். மற்ற நாய்களை அவசியம் பிடிக்க வேண்டும் என்றும் சொன்னார். எனக்குக் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. படித்தவர், பாடம் நடத்தியவர்.

வண்டிக்காரர் வரிசையாக ஒவ்வொரு வீட்டிலும் கேட்டுக்கொண்டு எங்கள் வாசலுக்கும் வந்தார்.

"அண்ணே, ஒங்க வீட்ல எதுவும் இருக்கா?"

மனைவி குளியலறைக் கதவில் சாய்ந்து நின்றிருந்தாள். எங்கள் வாசலில் படுக்கும் செவலை நாய் உள்ளே இருந்தது. விடியற்காலையில் அதைத் தூக்கிக்கொண்டு போய்த் தாழ் போட்டவன் நான்தான். எங்கே கொண்டுபோய் விடுவார்களோ, அறுத்த காயத்தோடு என்ன பாடு படுமோ என்று நோட்டீஸ் எழுதியவனுக்கே பயம். உள்ளே வாலாட்டி வாளியில் தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது, அவருக்கும் கேட்டிருக்கும்.

"இல்லப்பா," என்றேன்.

அவர் அடுத்த வீட்டுக்கு நடந்தார். இரண்டு கிழட்டு நாய்களோடு வண்டிகள் கிளம்பிப் போயின.

நான்காம் நாள் காலையில் குருவி கத்துவது வீடு வரை கேட்டது. செருப்புகூடப் போடாமல் ஓடினேன். சரளையில் ஓட்டுத் துண்டுகள் ஈரமாகக் கிடந்தன. கொஞ்ச தூரத்தில் செவலை உட்கார்ந்து முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது. மீசை முடியில் மஞ்சளாக ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் வாலை ஆட்டிக்கொண்டு எழுந்து பின்னாலேயே வந்தது.

வீட்டு வாசலில் வழக்கம்போல் பிஸ்கட்டுக்காக நின்றது. கண்மாய்ப் பக்கம் குருவி இன்னும் கத்திக்கொண்டிருந்தது. நான் பிஸ்கட் போட்டேன்.