புது டயரில் ஒரு வளைவு

கந்தளாய்க் கரும்புத் தோட்ட வேலையை விட்டுவிட்டுத் திருகோணமலைக்கு நடந்துகொண்டிருந்தேன். கிண்ணியா மீன் வியாபாரி ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி ஏறச் சொன்னார். பின்னால் மூடிக் கட்டிய மீன்பெட்டி. ஊர்விட்டு ஊர் அரிசி கொண்டுபோனால் பொலிஸ் பிடிக்கும் காலம் அது. பெட்டிக்குள் இருக்கும் கடத்தல் அரிசிக்கு என்னைச் சொந்தக்காரனாக்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டே ஏறினேன். கால் வலி அப்படி.

நேரான தெருவிலும் அவர் மெதுவாக, வளைத்து வளைத்து ஓட்டினார். அவர்கள் ஊர் வழக்கப்படி அண்ணன் முறை வைத்து ‘நானா’ என்றே கேட்டேன்.

“ஏன் நானா, இப்பிடி ஆட்டுறீங்க? ஆரும் வருமட்டும் நேரம் கடத்துறீங்களோ?”

“புது டயர் தம்பி. பழசு தட்டையாத் தேஞ்சு கிடந்தது. இது உருண்டை, கொஞ்சம் சரிச்சாலே விழப் பாக்குது. மினுக்கம் தேயுமட்டும் வழுக்கும், அதான் ஆட்டித் தேய்க்கிறன். என்னோட சேந்து சாயுங்க.”

நல்ல கதை என்று மனதுக்குள் சிரித்தேன். அடுத்த வளைவில் பொலிஸ் தடை தெரிந்தது. குதித்துவிட எண்ணி மறுபக்கம் சாய்ந்தேன். அதனால் வளைவில் வண்டியைத் திருப்ப அவர் இன்னும் சரிக்க வேண்டியதாயிற்று. டயர் வழுக்கி இருவரும் விழுந்தோம். பெட்டி திறந்து உருண்டது. உள்ளே மீன் செதிலும் ஐஸ் தண்ணீரும்தான்.

அவர் தன் தோளைப் பிடித்தபடி என் முழங்காலைப் பார்த்தார்.

“எலும்பு நல்லாத்தானே கிடக்கு? எனக்குத்தான் நாளைக்குப் பெட்டி தூக்க ஏலாது. நீங்க வாறீங்களா?”

என் சந்தேகம் பல ஊர்களில் என்னைக் காப்பாற்றியிருக்கிறது. அன்று அது இன்னொருவரை விழுத்தியது. விழுந்தவர் ஏசவும் இல்லை, அதையும் சந்தேகித்தேன்.

மறுநாள் காலை துறைமுகத்தடியில் பெட்டிக்கு ஐஸ் நிரப்பி, தூக்கிக் கட்டிவிட்டு, அவர் பின்னால் ஏறினேன். முதல் வளைவில் அவர் சாய்ந்த பக்கமே சாய்ந்தேன்.