அட்டையில் நான் போட்ட வருஷம்

கூரியர் பெட்டியை வெட்டியதும் வந்த அந்தப் பசை வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. புது அட்டை, புது மை... பள்ளிக்கூடம் திறக்கிற அன்று புத்தகத்தைப் பிரித்தால் வருமே, அதே வாசனை.

பதினைந்து வருஷம் இருக்கும். அப்போது எனக்கு குருபோங்கில் ஃபேக்டரி வேலை. அம்மா தவறிய பிறகு அப்பா எங்களோடுதான் இருந்தார். நம் கேமராவில் இருக்கும் படங்களை இன்டர்நெட்டில் ஏற்றி, பக்கம் பக்கமாக அடுக்கி அனுப்பினால், புத்தகமாக அச்சடித்து வீட்டுக்கே அனுப்புவார்கள் என்று கூட வேலை செய்த தோழி சொன்னாள். அப்பாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு அதையே கொடுப்பது என்று நானும் தம்பி குமாரும் முடிவு செய்தோம். சர்ப்ரைஸ்!

அப்பாவுக்கு சர்ப்ரைஸ் கொடுக்க நினைத்ததே முதல் முட்டாள்தனம். நியாலாஸ் பக்கம் எஸ்டேட்டில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். கடையில் கொடுக்கும் பிளாஸ்டிக் பையைக்கூட ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்.

அந்த நேரம் பார்த்து அவருக்கு விடாத இருமல். எக்ஸ்ரே எடுத்தார்கள். ரிசல்ட்டை நான் மட்டும் போய் வாங்கி வந்தேன். வெறும் சளிதான்.

"ஒன்னும் இல்லப்பா."

"செல்லையாவுக்கும் இதத்தான் சொன்னாங்க."

செல்லையா மாமா அப்பாவோடு லோரி ஓட்டியவர். அவருக்கு வந்த நோயைக் கடைசி வரை அவரிடம் மறைத்து வைத்திருந்தார்கள். "ஒன்னும் இல்ல" என்று அவரிடம் பொய் சொன்னவர்களில் அப்பாவும் ஒருவர்.

இது தெரிந்தும் எனக்கு உறைக்கவில்லை பாருங்கள்...

குமார் தினமும் கோலாலம்பூரிலிருந்து போன் செய்வான். நான் போனை எடுத்துக்கொண்டு வீட்டுப் பின்பக்கம் போய்க் குசுகுசுவென்று பேசுவேன். அப்பா உள்ளே வந்தால் லெப்டோப்பைப் பட்டென்று மூடுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை குமார் கேமராவோடு வந்து அவரை வாசலில் நிற்கச் சொன்னான்.

"இப்ப எதுக்குடா போட்டோ?"

"சும்மா லா பா..."

அப்பா நின்றார். சிரிக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் எதிரில் இருமுவதையே விட்டுவிட்டார். இருமல் வந்தால் எழுந்து வெளியே போவார்.

ஒருநாள் வீட்டுப் பத்திரத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "எங்க இருக்குன்னு தெரிஞ்சு வச்சிக்கம்மா." நான் பன்னிரண்டாம் பக்கத்தில் எந்தப் படத்தைப் போடுவது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் "சரிப்பா" என்றேன்.

அட்டைக்கு நல்ல படம் வேண்டும். அப்பா கேமராவை நேராகப் பார்த்த படம் ஒன்றுதான் இருந்தது. ரிட்டயர் ஆன அன்று எஸ்டேட் மண்டபத்தில் மாலை போட்டு எடுத்தது. பக்கத்தில் நின்ற இரண்டு பேரையும் வெட்டிவிட்டு, அவரை மட்டும் வட்டத்துக்குள் வைத்தேன். கீழே வருஷம் போட ஒரு கட்டம் இருந்தது. அவர் பிறந்த வருஷம், ஒரு கோடு, அப்புறம் அறுபது ஆகிற அந்த வருஷம். என் திறமையை நானே மெச்சிக்கொண்டேன்.

பிறந்தநாள் அன்று சாப்பாடு முடிந்ததும் கையில் கொடுத்தோம். அப்பா அட்டையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். திறக்கவே இல்லை.

அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் நானும் அட்டையை ஒழுங்காகப் பார்த்தேன். கழுத்தில் மாலை. தனியாக ஒரு முகம். கீழே இரண்டு வருஷம், நடுவில் கோடு. பேப்பரில் கண்ணீர் அஞ்சலி போடுவார்களே... அப்படியே அதுதான்.

"எவ்ளோ நாளு சொன்னாங்க?" என்று கேட்டார். சத்தமே இல்லாமல்.

குமார் சிரிக்க வாயைத் திறந்து, அப்படியே நிறுத்திக்கொண்டான். நான் ஓடிப் போய் ரிப்போர்ட்டை எடுத்து வந்து காட்டினேன். அப்பா தொடவில்லை.

"இவ்ளோ பெரிய புக்கையே அடிச்சிட்ட. ஒரு பேப்பரு அடிக்க முடியாதா ஒனக்கு?"

அழுதேன். அழுதது இன்னும் தப்பாகப் போனது.

மறுநாள் காலை எக்ஸ்ரே படத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிட்டார். எங்களை யாருக்குமே தெரியாத ஊர் வேண்டுமாம். ரெம்பியா பக்கம் ஒரு கிளினிக்கைத் தேடிப் பிடித்து, அந்த டாக்டரிடம் நேராகக் கேட்டிருக்கிறார்.

மதியம் திரும்பும்போது கையில் ரொட்டி சானாய்ப் பொட்டலம். என் மகளின் பள்ளிப் பையிலிருந்து மார்க்கரை எடுத்து, அட்டையில் இரண்டாவது வருஷத்தை அடித்தார். பக்கத்தில் அடுத்த வருஷத்தை எழுதினார்.

"பாப்போம் லா" என்றார். அப்புறம்தான் புத்தகத்தைத் திறந்தார்.

அதன்பின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அதே வேலை. பழையதை அடிப்பார், புதியதை எழுதுவார். பதினோரு வருஷம். கடைசியாக எழுதியதை அடிக்க அவர் இல்லை. அதுவே சரியான வருஷமாகவும் ஆகிவிட்டது.

இப்போது போனில் ஆயிரக்கணக்கில் படம் கிடக்கிறது. திரும்பிப் பார்ப்பதற்கு யாருக்கும் நேரமில்லை. அன்றைக்கு அப்பா கையில் ஒரு எக்ஸ்ரே படமாவது இருந்தது. போன மாதம் நான் டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன், ரிசல்ட் வந்தது மகளின் போனுக்கு. "ஒன்னும் இல்லம்மா" என்றாள். அதிலிருந்து நான் உள்ளே போனால் போனைக் கவிழ்த்து வைக்கிறாள். பழைய படங்களைக் கேட்கிறாள். அடுத்த மாதம் எனக்கு ஐம்பது என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்.

நேற்று அவளிடம் சொல்லிவிட்டேன். "அட்டையில ரெண்டாவது வருஷத்தப் போடாத. கோட்டோட விட்டுரு. நானே எழுதிக்கிறேன்."

"எந்த அட்டம்மா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறைப்பது புத்தகத்தைத்தான் போலிருக்கிறது, பாதி நிம்மதி. மீதிப் பாதிக்கு, அந்த ரிப்போர்ட்டை என் போனுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வந்ததும் ரெம்பியாவுக்கு ஒரு நடை போய்விட்டு வரவேண்டும்.